கணவாயில் நின்ற மழை

சாம்பல் நிறப் பெட்டி கம்ப்யூட்டர் திரையைவிட்டு இறங்கி வெளியே வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, வைகாசி பிறந்த மூன்றாம் நாள், மூங்கில்கணவாய் மழைப்பதிவு அலுவலகத்துக்கு டீ வரும் நேரம். டீக்கடை மொய்தீன்கனி விளிம்பு உடைந்த பழைய டம்ளர்களையெல்லாம் கழித்துவிட்டு அன்றுதான் ஒரு டஜன் புது டம்ளர் எடுத்திருந்தார். தட்டோடு அவர் அலுவலக வாசற்படியைத் தாண்டக் காலெடுத்தபோது, மூக்குக்கு நேரே, சீட்டுக்கட்டு அளவில் அந்தப் பெட்டி காற்றில் வந்து நின்றது. 'இதை அனுமதிக்க நிர்வாகியின் கடவுச்சொல் தேவை' என்று அதில் எழுதியிருந்தது. கீழே 'ஆம்' என்று வெளிறிய ஒரு பொத்தான், 'இல்லை' என்று பளிச்சென்ற ஒரு பொத்தான். மொய்தீன்கனி இடப்பக்கம் நகர்ந்தார், பெட்டியும் நகர்ந்தது. குனிந்தார், அதுவும் குனிந்தது. டீ ஆறிக்கொண்டிருந்த கவலையில் அவர் உள்ளே எட்டிப்பார்த்து, உங்கள் சாமான் ஒன்று வெளியே வந்து நிற்கிறது, சந்தியாகு சாரைக் கொஞ்சம் வரச்சொல்லுங்கள் என்றார்.

சந்தியாகுவுக்கு நாற்பத்தொன்பது வயது. கல்யாணப் பேச்சை எடுத்தவர்களெல்லாம் எடுத்து ஓய்ந்துபோயிருந்தார்கள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் கீழே சமவெளியில் நடந்த மூன்று நாள் பயிற்சிக்குப் போக யாருக்கும் மனசில்லாமல் இவரை அனுப்பினார்கள்; போய்வந்த பாவத்துக்கு அலுவலகத்தின் ஆறு கம்ப்யூட்டருக்கும் இவரே நிர்வாகி ஆகிவிட்டார். நிர்வாகி என்றால் பெரிய உத்தியோகம் ஒன்றுமில்லை. கம்ப்யூட்டரில் எந்த மென்பொருளைப் புதிதாக ஏற்றினாலும் அது ஒரு கடவுச்சொல் கேட்கும், அந்தச் சொல் இவருக்கு மட்டும் தெரியும், அவ்வளவுதான். மற்ற ஐந்து பேரும் காலையில் தங்கள் பெயரை அடித்து உள்ளே போகலாம், மழையளவைப் பதியலாம், வெளியே வரலாம்.

இந்தக் கண்டிப்பு சும்மா வந்ததில்லை. எல்லாருக்கும் எல்லா உரிமையும் இருந்த காலத்தில், ஒருவர் தன் மகளுக்கு ஜாதகப் பொருத்தம் பார்க்க எங்கிருந்தோ ஒரு மென்பொருளைக் கொண்டுவந்து ஏற்ற, ஆறு கம்ப்யூட்டரும் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்துக்கொண்டன. ஒரு ஐப்பசியின் எட்டு நாள் மழை பதிவிலிருந்து அழிந்துபோனது. பதிவிலிருந்து போனதோடு ஊர் நினைவிலிருந்தும் போனது. அந்த எட்டு நாளும் தலையில் சாக்குப் போட்டுக்கொண்டு நடந்தவர்கள்கூட, மழையா, அப்போதா என்று கேட்டார்கள். பொறுப்பாளர் அகஸ்தியலிங்கம் அன்றைக்கே, ஆளாளுக்கு ஏற்றவிட்டால் வானத்தையே தொலைத்துவிடுவீர்கள் என்று சொல்லி, உரிமையையெல்லாம் பிடுங்கி ஒரே ஆள் கையில் கொடுத்தார்.

தொண்ணூறு நாளைக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றவேண்டும் என்பது தலைமை அலுவலகத்தின் சட்டம். மற்றவர்கள் தங்களுடையதைத் துண்டுக் காகிதத்தில் எழுதி விசைப்பலகைக்கு அடியில் செருகிவைத்தார்கள், ஒருவர் காலண்டரின் பின்பக்கத்தில் எழுதி ஆணியில் மாட்டியே வைத்திருந்தார். சந்தியாகு மட்டும் எங்கும் எழுதியதில்லை. ஞாபகசக்திக்காரர் என்று எல்லாரும் மெச்சினார்கள், அவரும் மறுக்கவில்லை.

பெட்டி வெளியே வருவதற்கு முந்தின நாள், திங்கட்கிழமை, நடந்ததை இப்போது சொல்லிவிட வேண்டும். பரிபூரணம் அந்த அலுவலகத்தில் சந்தியாகுவுக்கு அடுத்த மேஜைக்காரி. மழைமானி பார்க்கும் வேலையிலிருந்த அவள் புருஷன் பணியில் இருக்கும்போதே இறந்துவிட, அந்த வேலைக்குப் பதிலாக ஒன்பது வருஷம் முன்பு அவளுக்குக் கிடைத்தது இந்த மேஜை. இரண்டு வருஷமாகக் கண் மங்கிக்கொண்டே வந்தது. விழித்திரை சிதைகிறது, ஆடிக்குள் மொத்தமும் போய்விடும் என்று கீழே பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஆடி முதல் தேதி தலைமை அலுவலகத்திலிருந்து ஆள் வந்து பார்ப்பார். தன்னால் வேலைசெய்ய முடியும் என்று அவள் காட்டாவிட்டால் மருத்துவ ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்கு அவள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். பார்வையற்றோர் பள்ளி ஒன்றில், திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள் ஒன்றைச் சின்ன பென்டிரைவில் போட்டுத் தந்திருந்தார்கள். அதை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து, கம்ப்யூட்டரில் செருகி, பெட்டி எழும்பியதும், "சார், கடவுச்சொல் கேக்குது. வந்து ஏத்திக் குடுங்க" என்று கூப்பிட்டாள்.

சந்தியாகு போனார். விசைப்பலகைமேல் விரலும் வைத்துவிட்டார். அப்போதுதான் அவள் வழக்கம்போலத் தலையை லேசாகச் சாய்த்தாள், காது அவர் விரல்பக்கம் திரும்பியது, அவர் விரலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். கண் மங்க மங்க அவள் காது கூர்மையாகியிருந்தது. படியேறுவது யார் என்று மிதியை வைத்தே சொல்வாள். போன மாதம், இந்தப் பக்கம் திரும்பாமலே, 'மழையளவு'க்கு ஒரு எழுத்து விட்டுட்டீங்க சார் என்று அவர் அடித்துக்கொண்டிருந்த கடிதத்தில் பிழை சொன்னாள். அப்பேர்ப்பட்ட காதுக்கு முன்னால் இந்தச் சொல்லை எப்படி அடிப்பது? தினமும் காலையில் அவளே அதைத்தான் அடிக்கிறாள். அவளுக்கு மிகவும் பழகின ஓசை உலகத்தில் அது ஒன்றுதான்.

ஏனென்றால் அந்தச் சொல் அவள் பெயர். ஒன்பது வருஷமாக அவள் பெயர்தான். தொண்ணூறு நாளைக்கு ஒருமுறை பின்னாலிருக்கும் எண்ணை மட்டும் ஒன்று கூட்டுவார். பரிபூரணம் ஒன்று என்று ஆரம்பித்தது முப்பத்தேழுக்கு வந்திருந்தது. சின்ன ஊர், புருஷனை இழந்தவள், பெயர் வெளியே வந்தால் என்னவெல்லாம் பேசுவார்கள் என்ற பயம் ஒருபக்கம். அவளே முகம் சுளித்துவிட்டால் என்ற பயம் அதைவிடப் பெரிசு. சந்தியாகு 'இல்லை' என்ற பொத்தானை அழுத்தினார். வெளியாள் மென்பொருளை ஏற்ற விதியில் இடமில்லை, ஒரு விண்ணப்பம் எழுதிக்கொடுங்கள், தலைமை அலுவலகத்தில் கேட்கிறேன் என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அவள் பென்டிரைவை உருவி மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மறுநாள்தான் பெட்டி வெளியே வந்தது. ஏன் வந்தது என்று கேட்டவர்கள் குறைவு. எப்படிச் சமாளிப்பது என்று கேட்டவர்கள்தான் அதிகம், மூங்கில்கணவாய் அப்படிப்பட்ட ஊர். காற்றில் நிற்கும் பெட்டிக்கு விசைப்பலகை கிடையாது, ஆகவே சொல்லை வாயால்தான் சொல்லவேண்டும் என்பது முதல் டம்ளரிலேயே தெரிந்துபோனது. சந்தியாகு பெட்டிமேல் உதட்டை வைத்துக் காற்றாக ஊதினார், பெட்டி மறைந்தது, டீ உள்ளே வந்தது. அன்று சாயங்காலத்துக்குள் பெட்டி ஊரெங்கும் நின்றது. பழகின எதையும் அது தடுக்கவில்லை. பழைய செருப்பு, பழைய சண்டை, பழைய கடன், பழைய வயிற்றுவலி எல்லாம் தாராளமாக வந்துபோயின. புதிதாக வருவதற்கு முன்னால்தான் வந்து நின்றது: புதுக் குடைக்குத் தீப்பெட்டி அளவில், புதிதாகக் கறந்த தலையீற்று மாட்டின் பாலுக்குச் செங்கல் அளவில், வலதுகாலை எடுத்துவைத்த மருமகளுக்குக் கதவளவில், முதல் வார்த்தை பேச வாய்திறந்த குழந்தைக்குப் பொட்டளவில்.

ஆக, ஊர் சந்தியாகுவின் வீட்டு வாசலில் வரிசை கட்டியது. காலை ஏழு முதல் எட்டரை வரை வீட்டுப் பெட்டிகள், சாயங்காலம் தெருப் பெட்டிகள் என்று மொய்தீன்கனியே முறை வகுத்துக்கொடுத்தார். அவர் ஊதும்போது சுற்றி நிற்பவர்கள் திரும்பி முதுகைக் காட்டவேண்டும் என்று ஒரு மரியாதை தானாக உண்டானது. கைக்குழந்தையைக்கூடத் திருப்பிப் பிடித்தார்கள். பெட்டி பெரிதாக இருந்தால் குரலும் கொஞ்சம் பெரிதாக வேண்டியிருந்தது. மருமகளின் பெட்டிக்கு அவர் இரண்டு கையையும் குவித்துப் பேசியே சொல்லவேண்டி வந்தது, நல்லவேளையாக மேளக்காரர்கள் அந்த நேரம் பார்த்து வாசித்தார்கள்.

தொண்ணூறு வயது மூக்கையா, பழைய தபால்காரர், இழுத்துக்கொண்டு கிடந்தார். சாவு அவருக்குப் புதிது, ஆகவே அவர் நெஞ்சுக்கு மேலே தலையணை அளவில் ஒரு பெட்டி நின்றது. வெளிநாட்டிலிருக்கும் மகன் வந்துசேரும்வரை சந்தியாகு அந்தத் தெருப்பக்கமே வரவேண்டாம் என்று அவர் மகள் சொல்லியனுப்பினாள். ஆறாம் நாள் மகன் வந்து, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டு, இனி வரச்சொல்லுங்கள் என்றான். எல்லாரும் முதுகைக் காட்டினார்கள். மூக்கையா மட்டும் மல்லாந்து கிடந்ததால் திரும்ப முடியவில்லை. சந்தியாகு சொன்ன சொல்லை அவர் தெளிவாகக் கேட்டார், பல்லில்லாத வாயால் ஒரு சிரிப்புச் சிரித்தார், அதை எடுத்துக்கொண்டே போனார். ஒருவர் கையில் இவ்வளவு இருக்கக்கூடாது என்று அன்றிரவு சந்தியாகுவுக்கே தோன்றியது.

இதற்கிடையில் பரிபூரணத்தின் விண்ணப்பத்துக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து பதில் வந்துவிட்டது. இரண்டே வரி. மென்பொருள் ஏற்றுவதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை, நிர்வாகியின் முடிவே இறுதியானது. சந்தியாகு அதை நாலாக மடித்து இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார். பதில் வந்துச்சா சார் என்று அவள் கேட்ட இரண்டு தடவையும், இன்னும் இல்லை என்றார். நல்ல மனிதர்தான், ஆனால் அந்த ஆனி மாதம் முழுவதும் அவர் நல்லபடி நடந்துகொள்ளவில்லை.

பிறகு தென்மேற்குப் பருவமழை வந்தது. வந்து, கணவாயில் நின்றது.

இரண்டு மலைக்கும் நடுவே, பாறையிலிருந்து மேகம்வரைக்கும், வானத்தின் அகலத்துக்கு ஒரு பெட்டி. அதற்கு அந்தப்பக்கம் மழை கொட்டுவது கண்ணுக்குத் தெரிந்தது. இந்தப்பக்கம் ஒரு சொட்டு இல்லை. மண்வாசனை மட்டும் போன வருஷத்தினுடையது போலிருக்கிறது, அனுமதி கேட்காமலே வந்து ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தது. சந்தியாகு முதல்நாளே தனியாக மலையேறிப் போய்ப் பெட்டியில் உதட்டை வைத்து ஊதினார். பேசினார். கொஞ்சம் சத்தமாகவே பேசிப்பார்த்தார். அது அசையவில்லை. இவ்வளவு பெரிய பெட்டிக்கு எவ்வளவு பெரிய குரல் வேண்டும் என்பது அவருக்குப் புரிந்தது, ஊர் முழுக்கக் கேட்கும்படி கத்தவேண்டும். இறங்கிவந்து, தொண்டை கட்டிக்கொண்டது என்று சொல்லிவிட்டார்.

ஊர் அதை நம்பியது. அதுதான் அவருக்குப் பெரிய தண்டனையாகப் போயிற்று. கிணறு இறங்கியது, தேயிலைக் கொழுந்து சுருண்டது, பெண்கள் குடத்தோடு ஓடையில் இரண்டு மைல் கீழே இறங்கினார்கள். அந்தக் குடத்துத் தண்ணீரில் ஒரு செம்பைச் சூடுபண்ணி அவருக்குத்தான் முதலில் கொடுத்தனுப்பினார்கள். மிளகுப்பால் வந்தது, சித்தரத்தை வந்தது, கொப்பளிக்க உப்பு வந்தது. ஒருவர்கூட அவரைச் சந்தேகிக்கவில்லை. மழைப்பதிவு அலுவலகம் தினமும் பூஜ்யம், பூஜ்யம் என்று கீழே அனுப்பிக்கொண்டிருந்தது, அந்தப் பூஜ்யத்தை அடிக்கப் பரிபூரணத்துக்குக் கண் தேவைப்படவில்லை.

ஆனி இருபத்தெட்டாம் நாள் மத்தியானம் அவள் தன் மேஜையை ஒழித்தாள். குஷனைத் தட்டிப் பக்கத்துச் சீட்டுக்குக் கொடுத்தாள். காலண்டரைக் கழற்றினாள். தன் டம்ளரைத் துடைத்து, தடவித்தடவி வந்து, சந்தியாகுவின் மேஜைமேல் வைத்தாள்.

"ஆடி ஒண்ணாந்தேதி அவங்க சொல்றதுக்கு முன்னாடி நானே கிளம்பிடறேன் சார். இந்த டம்ளர் விளிம்பு உடையாத பழசு. நீங்க வச்சுக்கங்க."

சந்தியாகு டம்ளரைப் பார்த்தார். பிறகு இரண்டு வரிக் கடிதம் இருந்த இழுப்பறையைப் பார்த்தார். வெட்கம் என்றால் என்ன என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. இத்தனை நாள் வெட்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தது வெறும் பயம். எழுந்து, செருப்பைக்கூடப் போடாமல், கணவாய்ப் பக்கம் நடந்தார்.

சார் தொண்டை சரியாகிவிட்டது என்று யாரோ சொல்ல, ஊர் பின்னாலேயே ஏறியது. மொய்தீன்கனி அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். அகஸ்தியலிங்கம், மழை பெய்தால் பெய்த நிமிஷத்தைப் பதியவேண்டும் என்று நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு, பரிபூரணத்தையும் கைபிடித்துக் கூட்டிவந்தார். மேலே போனதும் எல்லாரும் பழக்கப்படி முதுகைக் காட்டி நின்றார்கள், ஆனால் முதுகு காட்டினால் காது அடைத்துக்கொள்ளாது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். சந்தியாகு வானளவு நின்ற பெட்டியைப் பார்த்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, ஒன்பது வருஷமாக உதட்டுக்கு உள்ளேயே வைத்திருந்ததை வெளியே விட்டார்.

"பரிபூரணம் முப்பத்தேழு!"

முப்பத்தேழு, முப்பத்தேழு என்று இரண்டு மலையும் திருப்பிச் சொல்லின. பெட்டி மறைந்தது. ஒரு மாதம் நின்ற மழை ஒரே அடியாக உள்ளே வந்து விழுந்தது. யாரும் ஓடவில்லை. முப்பத்தேழு என்றால் என்ன என்று யாரோ யாரையோ கேட்டார்கள், தெரியவில்லை என்றார்கள். பரிபூரணம் மட்டும் நனைந்துகொண்டே, உதடு அசைய, தொண்ணூறை முப்பத்தேழால் பெருக்கிக்கொண்டிருந்தாள். ஒன்பது வருஷம் வந்தது.

ஊர் என்ன பேசும் என்று அவ்வளவு பயந்தாரே, ஊர் ஒன்றும் பேசவில்லை. மொய்தீன்கனி மட்டும், இதுக்கா எங்களை ஒரு மாசம் காயப்போட்டீங்க என்று முணுமுணுத்துவிட்டு, தன் துண்டை எடுத்து அவர் தலையில் போட்டார்.

அலுவலகத்துக்கு வந்து, தரையெல்லாம் சொட்டச்சொட்ட, சந்தியாகு இழுப்பறையைத் திறந்து கடிதத்தை எடுத்து அவளுக்குப் படித்துக்காட்டினார். தேதியையும் சேர்த்துப் படித்தார். அவள் கேட்டுக்கொண்டாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பென்டிரைவைச் செருகினாள். பெட்டி, இந்தத் தடவை திரைக்குள்ளேயே, எழும்பியது.

"நீங்களே அடிங்க" என்றார் சந்தியாகு. "இனிமே தெரியும்ல."

"முன்னாடியே தெரியும் சார்."

அவர் அவளைப் பார்த்தார்.

"ஒன்பதாவது நம்பர் ஓடறப்ப என் மிஷின்ல பிரிண்டர் ஏத்த வந்தீங்க. அப்ப எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுமே. விரல பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

ஏழு வருஷம்! காதுக்குப் பயந்த மனிதருக்குக் கண்ணைப் பற்றி நினைப்பே வராமல் போயிருந்தது. சந்தியாகுவுக்குக் குரல் நிஜமாகவே கட்டிக்கொண்டது.

"அப்ப நீங்களே ஏத்திருக்கலாமே. வேல போற நெலமைல எதுக்கு எங்கிட்ட வந்து நின்னீங்க?"

"என் பேருதான். ஆனா எங்கிட்ட யாரும் சொல்லலையே சார்" என்றாள் பரிபூரணம். "சொல்லாதத வச்சு நான் எப்படி உள்ள வர்றது?"

சொல்லிவிட்டு, தன் பெயரைத் தானே அடித்தாள், முப்பத்தேழையும் அடித்தாள். கொஞ்சநேரம் கழித்துக் கம்ப்யூட்டர் தொண்டையைச் சரிசெய்துகொண்டதுபோல ஒரு சத்தம் போட்டு, யாருடைய சாயலும் இல்லாத பொதுவான குரலில், இன்றைய மழை தொண்ணூற்றிரண்டு மில்லிமீட்டர் என்று படித்தது. ஆடி முதல் தேதி மழையில் நனைந்துகொண்டு வந்த தலைமை அலுவலகத்து ஆள், அவள் காதால் கேட்டு விரலால் பதிவதை ஒரு மணிநேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ஊரில் எல்லாரும் நிர்வாகிகள். பெட்டி வந்தால் அவரவரே சொல்லிக்கொண்டார்கள். கன்று பிறந்தால் பரிபூரணம் முப்பத்தேழு, புதுப் பஸ் வந்தால் பரிபூரணம் முப்பத்தேழு, புது எச்சரிக்கைப் பலகை, புதுத் துக்கம், புதுப் பாட்டு, எல்லாவற்றின் வாசலிலும் அவள் பெயர். அகஸ்தியலிங்கம் பயந்ததுபோல வானம் தொலைந்துபோகவில்லை. கோயில் மதிலுக்கு யாரோ கிளிப்பச்சையை அனுமதித்துவிட்டார்கள், அது ஒன்றுதான் இன்றும் கண்ணை உறுத்துகிறது. ஒரு பெண், பார்க்கவந்த மாப்பிள்ளைக்கு முன்னால் நின்ற பெட்டியில் தானே 'இல்லை'யை அழுத்திவிட்டு உள்ளே போனாள். ஆடிக் கடைசி வாக்கில் பெட்டிகள் ஒவ்வொன்றாகக் குறைந்து, கடைசிப் பெட்டி திரைக்குள் போய்ச் சேர்ந்தது. அது எந்த நாள் என்று யாரும் கவனிக்கவில்லை.

கடவுச்சொல்லை மாற்றவேண்டிய நாள் வந்தபோது, ஒருவருக்கு இரண்டு பேராக நிர்வாகம் பார்க்கட்டும் என்று அகஸ்தியலிங்கம் உத்தரவு எழுதியிருந்தார். சந்தியாகு எழுந்து தன் நாற்காலியைப் பரிபூரணத்துக்கு விட்டார். அவள் உட்கார்ந்தாள். அவர் நாகரிகமாக ஜன்னல் பக்கம் திரும்பி முதுகைக் காட்டி நின்றார். வெளியே தூறிக்கொண்டிருந்தது. கடவுச்சொல்லைக் கம்ப்யூட்டரின் குரல் வெளியே சொல்லாது. ஒவ்வொரு எழுத்துக்கும் நட்சத்திரம் என்று மட்டும் சொல்லும். நட்சத்திரம், நட்சத்திரம், நட்சத்திரம் என்று அது சொல்லிக்கொண்டே போனது. அதற்கு அடியில் விசைகளின் ஓசை கேட்டது. சந்தியாகுவின் காது அப்படியொன்றும் கூர்மையானதில்லை. ஆனால் பதினோரு வருஷமாகத் தினமும் காலையில் அவரும் தன் பெயரை அடித்துத்தான் உள்ளே போகிறார், அந்த ஓசை அவருக்குத் தெரியும்.

பெயருக்கான நட்சத்திரங்கள் முடிந்தன. கொஞ்சம் இடைவெளி விட்டு, மேல் வரிசையில், இடது ஓரத்தில், ஒன்று என்ற விசை ஒருமுறை விழுந்தது.